நோயை மறைக்காத கடை



கல்லாவில் காசு எவ்வளவு, சரக்கறையில் அரிசி எத்தனை மூட்டை, இம்மாத வாடகை பாக்கியா இல்லையா என்று கேட்டால், நம்மில் எவரும் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவோம். நம் கடைச் சிப்பந்திகள் ஓர் அறைக்கு எத்தனை பேராகப் படுத்துறங்குகிறார்கள், நேற்றிரவு அவர்களில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டால், எத்தனை பேர் உடனே பதில் சொல்லுவோம்? இந்தக் கேள்வியையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்ளுகிறோம்.

பொதுச் சுகாதாரம் டாக்டருடைய வேலை, சர்க்காருடைய வேலை என்று எண்ணுவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, நாலு பேருக்கு வேலை கொடுத்து வைத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. இதை நாம் கற்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் கடை வைத்துப் பிழைக்கும் ஊர்களின் சரித்திரமே போதும்.

பிரிக்பீல்ட்ஸ் சொல்லும் பாடம்

பலகையாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்டிருந்த பழைய கோலாலம்பூர், 1881-ம் ஆண்டு ஜனவரியில் தீப்பற்றி எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து மிஞ்சியதையும் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டுமென்று ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். தினமும் பத்துத் தடவை அந்தப் பெயரை உச்சரிக்கிறோம். கெடுதி நேர்ந்தபின் தலைவிதி என்று உட்கார்ந்துவிடாமல், அது திரும்ப நேராதபடி அஸ்திவாரத்தையே மாற்றிக் கட்டினார்கள் என்பது அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

கிள்ளானில் ஒரு டாக்டர்

இருபது வருஷங்கள் கழித்துக் கிள்ளானில் நடந்தது இதைவிடப் பெரிய பாடம். 1901-ம் ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம் அதுதான். சதுப்பு நிலத்தின் நடுவே அமைந்த அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களில் நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். திறந்த சில வாரங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் கூட்டங்கூட்டமாக அவர்களைச் சாய்த்தது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழும் அளவுக்கு நிலைமை முற்றியது.

அந்த ஆண்டு கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்து சேர்ந்தவர் மால்கம் வாட்ஸன். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் இந்தியாவில் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-ல். நான்கே வருஷத்து அந்தப் புதிய அறிவை வாட்ஸன் கிள்ளானில் செயலில் காட்டினார். விழுந்தவனுக்குக் கொயினா கொடுத்துக்கொண்டே இருந்தால் நாளை வேறொருவன் விழுவான், கொசு பிறக்கும் இடத்தை ஒழிப்பதே வழி என்பது அவர் கட்சி. ஊரை ஒட்டிய காட்டை வெட்டினார்கள். சதுப்பைத் தூர்த்தார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். துறைமுகத்துக்குக் கடல்நீர் ஏறாதபடி கரை கட்டினார்கள்.

பலனைப் பாருங்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-ல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-ல் 59 பேர். 1903-ல் 46 பேர். மருந்துக் கடையில் புதிய மருந்து ஒன்றும் வந்துவிடவில்லை. உழைப்பவன் எங்கே நிற்கிறான், எங்கே படுக்கிறான், அவனைச் சுற்றி என்ன தேங்கிக் கிடக்கிறது என்று பொறுப்பிலிருந்தவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் பணமும் செலவிட்டார்கள். துறைமுகம் பிழைத்தது. அத்துறைமுகத்தை நம்பி ஏற்றுமதி இறக்குமதி செய்த வியாபாரமும் பிழைத்தது.

நம் காலத்துச் சதுப்பு

இப்போது நம் காலத்துக்கு வருவோம். கொவிட் நோய் பரவி, 2020 மார்ச் 18-ம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் 7-ம் தேதி, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ஆகிய இரு கட்டடங்களையும் முள்வேலியிட்டு அடைத்தார்கள். அந்த வட்டாரம் நமக்கு அயலானது அல்ல. துணிக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக் கடை என்று நம்மவர் தொழில் செய்யும் இடம். அங்கே உழைத்த வெளிநாட்டுத் தொழிலாளர் பலர், ஒரு வீட்டில் பலராக நெருங்கி அந்த மாடிகளில் வாழ்ந்தார்கள். நெருக்கமே நோய்க்கு ஏணியாயிற்று.

மே 1-ம் தேதி அதே வட்டாரத்தில் குடிநுழைவு அதிகாரிகள் சோதனை நடத்தி, பத்திரம் இல்லாத நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றார்கள். பிடிபடும் பயத்தால் நோயுள்ளவர்கள் ஒளிந்துகொள்வார்கள் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பினர் உடனே எச்சரித்தார்கள். சட்டத்தின் நியாயத்தை இங்கு நாம் விசாரிக்க வரவில்லை. பயம் நோயை மறைக்கும், மறைந்த நோய் ஊரைப் பிடிக்கும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுவோம்.

அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் மேரு வட்டாரத்தில், உலகுக்கே கையுறை செய்து அனுப்பும் டாப் குளோவ் தொழிற்சாலைகளின் தொழிலாளர் விடுதிகளில் நோய் புகுந்தது. ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்றியது. அரசாங்கம் 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூடச் சொல்லிற்று. மற்றவர் கைகளைக் காக்க உறை செய்தவர்கள் தாங்கள் உறங்கிய அறையில் நோய்ப்பட்டார்கள் என்பது அனைவரும் சிந்திக்கத் தக்கது. 1901-ல் சதுப்பு நிலம் எதுவோ, 2020-ல் நெருக்கிய படுக்கையறை அது.

சட்டம் என்ன கேட்கிறது?

நம்மில் பலர் சட்டம் என்றாலே அபராதத்தை நினைக்கிறோம். பொறுமையாகப் படித்தால், அது நல்ல முதலாளி தானே செய்யக்கூடியதையே கேட்கிறது என்று தெரியும்.

தொழிலாளர் தங்குமிடம் பற்றிய 1990-ம் ஆண்டுச் சட்டம் 446, ஆதியில் தோட்டங்களையும் சுரங்கங்களையுமே முக்கியமாகக் கருதியது. 2019-ல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தங்குமிடம் கொடுக்கும் எல்லாத் தொழில்களுக்கும் விரிந்துவிட்டது. கடைமாடியிலோ அடுக்கு வீட்டிலோ சிப்பந்திகளைத் தங்க வைக்கும் நாமும் அதற்குள் அடக்கம். தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். படுக்குமிடம் ஆள் ஒருவருக்கு 3.6 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பெரிய கூட்டு விடுதியானால் 3 சதுர மீட்டர். ஆளுக்கொரு கட்டில், மெத்தை, பூட்டும் அலமாரி கொடுக்க வேண்டும்.

2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், பாதுகாப்பு சுகாதார ஒருங்கிணைப்பாளராகச் சிப்பந்தி ஒருவரை நியமிக்க வேண்டும். அடுப்பருகே, அறுக்கும் இயந்திரத்தருகே, ஏணியருகே என்ன ஆபத்து என்று முன்கூட்டி மதிப்பிட்டு வைக்கவும் வேண்டும்.

சாப்பாட்டுக் கடை நடத்துவோர்க்கு 2009-ம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள் உண்டு. உணவில் கை வைப்பவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். உணவால் பரவும் நோயுள்ளவரைச் சமையற்கட்டுக்குள் விடக்கூடாது. அசுத்தம் கண்டால் கடையைப் பதினான்கு நாள் வரை மூட 1983-ம் ஆண்டு உணவுச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம்

வியாபாரிக்குக் கணக்கே நல்ல உபதேசம். ரொட்டி வீசும் ஒரு சிப்பந்திக்கு மாதம் 1,700 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்ளுவோம். 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. அவருக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் மூன்று நாள் எம்.சி. கொடுக்கிறார். சம்பளத்தோடு வீட்டிலிருக்கச் சொன்னால் நமக்குச் செலவு 200 வெள்ளிக்கும் குறைவு. இதுவும் நாம் கொடுக்கும் தர்மமன்று. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஐந்து வருஷம் நிறைந்தால் 22 நாள். வெளிநாட்டவருக்கும் இதே கணக்குத்தான்.

மறுபக்கத்தைப் பாருங்கள். சம்பளம் பிடிப்பார்களோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து அவர் ஒன்றும் சொல்லாமல் மாவு பிசைகிறார். சாப்பிட்டவர்களில் பலருக்கு நோய். அதிகாரி வருகிறார். கடைக்குப் பூட்டு. வாடகை ஓடும், சம்பளம் ஓடும், வாங்கி வைத்த இறைச்சி கெடும். பதினான்கு நாள் கழித்துக் கதவைத் திறக்கலாம். போன வாடிக்கைக்காரரைத் திறக்கிற சாவி எந்தப் பூட்டுக்காரனிடமும் இல்லை. 200 வெள்ளியை மிச்சம் பிடித்து எதை இழந்தோம்?

ஆகவே, நோயைவிட நோயை மறைக்க வைக்கும் பயமே கடைக்குப் பெரிய நஷ்டம். அந்தப் பயத்தைப் போக்குவது முதலாளி ஒருவரால்தான் ஆகும். தலைமை என்பது இதுவே. குரலை உயர்த்தி வேலை வாங்க எவரும் பழகிக்கொள்ளலாம். ‘எனக்கு உடம்புக்கு முடியவில்லை, அண்ணே’ என்று கடைசிச் சிப்பந்தியும் கூசாமல் வந்து சொல்லும்படி ஒரு கடையை நடத்துவது அரிய காரியம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, மாதம் ஒருமுறை சிப்பந்திகள் தங்குமிடத்துக்கு நாமே நேரில் போவோம். மேனேஜர் சொல்லும் செய்தி வேறு, நம் கண் காண்பது வேறு. காற்று வருகிறதா, கழிப்பறை எத்தனை பேருக்கு, அவசரத்துக்கு வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்போம். தீ பிடித்தால் பூட்டிய இரும்புக் கதவு கள்ளனுக்கும் தடை, உள்ளே இருப்பவனுக்கும் தடை.

இரண்டாவது, கல்லாவில் உட்காருகிறவரிடம் விற்பனைக் கணக்கை மட்டும் கேளாமல், ‘இன்று யாருக்கு உடம்பு சரியில்லை?’ என்றும் தினமும் கேட்போம். முதலாளி எதைக் கேட்கிறாரோ அதையே மேனேஜர் கவனிப்பார். சிப்பந்தியின் முறையீடு முதலில் போவது அவரிடம்தான். அங்கேயே அது அமுங்கிவிட்டால் நம் காதுக்கு ஒருநாளும் எட்டாது.

மூன்றாவது, வயிற்றுப்போக்கு வந்தவர், அது நின்று 48 மணி நேரம் கழியும் வரை உணவில் கை வைக்கக்கூடாது. இது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. அவரைப் பாத்திரங் கழுவ மாற்றிவிட்டால் போதாது. வீட்டில் இருக்கட்டும். ஆள் குறைந்த நாளில் பக்கத்துக் கடையிலிருந்து கைமாற்றாக ஆள் அனுப்பிக்கொள்ள, ஒரு தெருவிலுள்ள நம்மவர்கள் தங்களுக்குள் முன்கூட்டியே பேசி வைக்கலாம். சில்லறையைக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கும் நமக்கு இது முடியாததன்று.

நான்காவது, தேங்கிய தண்ணீரைத் தேடுவோம். பல ஆண்டுகளாக டெங்கிக் காய்ச்சல் மிகுதியாகக் காணும் மாநிலம் நம் சிலாங்கூர். டெங்கிக் கொசு வாட்ஸன் காலத்துக் கொசுவன்று. அதற்குச் சதுப்பு வேண்டாம். பின்கட்டுத் தொட்டி, கூரைத் தகர வாய்க்கால், குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டு, வெறும் எண்ணெய் டின் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் ஒருநாள் குறித்துக் கவிழ்த்துத் துடைத்துவிட்டால் அது பிறக்கவே பிறக்காது.

ஐந்தாவது, அந்த ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைக் காகிதத்தில் ஒரு பெயராக விட்டுவிட வேண்டாம். சிப்பந்திகள் மதிக்கும் ஒருவரை, அவர்கள் பாஷை தெரிந்தவரைப் பார்த்து நியமிப்போம். பயிற்சிக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்க வேண்டாம். அவர் ‘இந்தக் கம்பி அறுந்திருக்கிறது’ என்று சொன்னால், ‘நாளை பார்க்கலாம்’ என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரவேண்டாம்.

முடிவாக

நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது, கடையின் பின்கட்டில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தாம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். இன்று நம் கடைமாடியில் பாய் விரிப்பவர் வேறு ஊர்க்காரராக, வேறு பாஷைக்காரராக இருக்கலாம். பெற்றோரையும் பிள்ளைகளையும் விட்டு வந்த நிலை ஒன்றே. அவருடைய உழைப்பு நமக்கு லாபமாகிறது. அவருடைய உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

வருகிற வெள்ளிக்கிழமை கடைக் கணக்கை முடித்தபின், ஒவ்வொருவரும் மாடிப்படி ஏறிப் போய் அந்த அறையைப் பார்ப்போமாக. கட்டில்களை எண்ணுவோம், ஜன்னலைத் திறந்து பார்ப்போம், ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்போம். பதில் வரும் வரை நின்று கேட்போம்.