நுண்ணுயிரின் கணநேர நினைவு

வைகறையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்குச் செல்பவர், மீன் ஏலமிடும் இடத்தை வாடையாலேயே அறிவார். வாடை மிகுந்தால் முன்னேறுவார், குறைந்தால் திரும்புவார். மூக்கும் நரம்பும் மூளையும் இல்லாத நுண்ணுயிரும் இவ்வாறே உணவை நாடுகிறது என்றால் வியப்பன்றோ!

மனிதர் குடலில் வாழும் ஈ. கோலை ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமுடையது. அதன் கசையிழைகள் இடஞ்சுழியாகச் சுழன்றால் ஒன்றாய்த் திரண்டு அதனை நேராகச் செலுத்தும். வலஞ்சுழியானால் கற்றை பிரியும். உயிரி புரண்டு புதுத்திசை நோக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் ஆட்லர் 1960களில் இதனை ஆராய்ந்தார். அமினோ அமிலக் கரைசல் நிரம்பிய நுண்குழாயினுள் ஈ. கோலை திரள்வதைக் கண்டார். செரினை ஓர் ஏற்பிப் புரதமும் அஸ்பார்டேட்டை மற்றொன்றும் உணர்கின்றன. தன்னால் உணவாக்க இயலாத சில பொருள்களையும் அது நாடியது. எனவே, உணர்தல் வேறு, உண்ணுதல் வேறு என்பது 1969இல் தெளிவாயிற்று.

இத்துணைச் சிறிய உடலின் இரு முனைகளுக்கிடையே செறிவு வேறுபாடு மிக அற்பமே. பின் திசையறிவது எங்ஙனம்? 1972இல் மெக்நாப், கோஷ்லண்ட் ஆகியோர் சால்மொனெல்லா நுண்ணுயிரை செரின் கரைசலில் திடீரெனக் கலந்தனர். எத்திசையிலும் செறிவு சமமாயிருந்தும், அவை சிறிதுநேரம் புரளாது நேராக நீந்தின. பின்னர் பழைய நிலைக்குத் திரும்பின. இடத்தோடு இடத்தையன்று, முந்தைய கணத்தோடு இக்கணத்தையே அவை ஒப்பிடுகின்றன!

செரின் ஏற்பியில் பொருந்தியதும், புரளச் செய்யும் தூதுப்புரதம் பாஸ்பேட் பெறுவது குறைகிறது; நேர்நீச்சல் நீள்கிறது. பின்னர் ஏற்பியில் மெத்தில் தொகுதிகள் சேர, பழைய நிலை மீள்கிறது. மீன் அங்காடியில் நெடுநேரம் நிற்பவருக்கு வாடை தோன்றாமற் போவதை ஒத்தது இது. இம்மெத்தில் தொகுதிகள் மெத்தியோனின் எனும் அமினோ அமிலத்திலிருந்தே கிடைக்கின்றன.

மாணவச் செல்வங்களே! இரைப்பைப் புண்ணை விளைக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி இவ்வாற்றலை இழந்தால், இரைப்பையில் குடியேற இடர்ப்படுவதை விலங்காய்வுகள் காட்டுகின்றன. குடிநீரில் ஈ. கோலை தென்படுவதோ மலக்கழிவு கலந்தமைக்கு அறிகுறி. ஆகவே, வடசென்னைத் தெருக்களில் மழைவெள்ளமும் கழிவுநீரும் கலக்கும் நாள்களில் நீரைக் கொதிக்கவைத்தே பருகுவோம். நம் கண்ணுக்குப் புலனாகா அவ்வுயிர், தன் வழியை நன்கறியும்.