ஏன் எல்லாமே 135?

கேள்வி: பழைய டெலி லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்று தேடினால் எங்கு பார்த்தாலும் 135 மி.மீ.தான் இருக்கிறது. 100, 150 என்று இல்லாமல் அது என்ன 135? விலையும் மலிவாக இருக்கிறதே, நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். மலிவுக்கான காரணமும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.

1930களின் லைக்கா, கான்டாக்ஸ் கேமராக்களில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே தனி ஜன்னல். அதில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். ஃபோகஸ் வளையத்தைத் திருகி ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்த வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது இதுதான். கேமராவின் முன்புறம் சில அங்குல இடைவெளியில் இருக்கும் இரண்டு ஜன்னல்களை வைத்துத்தான் அது தூரத்தை அளக்கிறது. லென்ஸ் நீள நீள, ஃபோகஸ் மயிரிழை பிசகினாலும் படம் மங்கிவிடும். அந்தச் சின்ன இடைவெளியை நம்பி ஏறத்தாழ 135 வரைதான் போக முடிந்தது. 1954இல் வந்த லைக்கா எம்3இன் ஜன்னலுக்குள்ளும் 50, 90, 135 மூன்றுக்குத்தான் சட்டம் தெரியும்.

எஸ்எல்ஆர் வந்ததும் லென்ஸ் வழியாகவே பார்க்கலாம் என்றானது; எல்லைக்கு வேலையில்லை. ஆனால் பழக்கம் போகுமா? ஜெர்மனி, ஜப்பான், சோவியத் என்று எல்லோரும் 135ஐச் செய்து குவித்தார்கள். கேமராவோடு வந்த 50க்கு அடுத்து வாங்கும் லென்ஸ் அதுதான் என்றிருந்தது. ஜூம் வந்தபின் அத்தனையும் பரணேறின. இப்போது இறங்கி வருகின்றன.

எம்42 திருகு மவுண்ட் உள்ளதாகப் பாருங்கள். 1949இல் டிரெஸ்டனிலிருந்து வந்த கான்டாக்ஸ் எஸ் வழியாகப் பரவியது அது; விட்டம் 42 மி.மீ. மிரர்லெஸ் கேமராவுக்குச் சாதாரண அடாப்டர் போதும். நிகான் டிஎஸ்எல்ஆர்காரர்கள் மட்டும் விலகிக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடி இல்லாத அடாப்டரில் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

கச்சிதம் வேண்டுமென்றால் சூப்பர் டாக்குமார் எஃப்3.5. (அதைச் செய்த அசாஹியின் நிறுவனருடைய சகோதரர் டாக்குமா கஜிவாரா, ஓவியர், புகைப்படக்காரர். லென்ஸ் பெயர் அவரிடமிருந்து வந்தது.) என் ஓட்டு சோவியத் ஜூபிடர்-37ஏவுக்கு. அபெர்ச்சருக்கு 12 இதழ்கள். எவ்வளவு மூடினாலும் பின்னணி விளக்குகள் வட்டமாகவே விழும்.

கையில் டார்ச் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து ஒளியடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். தூசி கிடந்தால் கவலையில்லை. ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்தால் பூஞ்சை. கடை வாசல் வெயிலில் பளபளத்த ஒன்றை வாங்கிவந்து, வீட்டில் டார்ச் அடித்தபோது உள்ளே ஒரு தோட்டத்தையே பார்த்தவன் நான். இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா என்றும் கவனியுங்கள். ஜூபிடரில் பெரிய பாதகமில்லை, கையால்தான் திருகப்போகிறோம். டாக்குமாரில் தானாக மூட வேண்டிய இதழ்கள் ஒட்டிக்கொண்டு மூட மறுக்கும்.

கேள்வி: எனக்கு வந்த 135இல் 'ஆவுஸ் யேனா, எஸ்' என்றுதான் பொறித்திருக்கிறது. ஜெய்ஸ் பெயரே இல்லை. போலியா?

பதில்: அசல்தான். 1945இல், ஜெய்ஸ் இருந்த யேனா நகரைச் சோவியத்திடம் விட்டுப் போகுமுன் அமெரிக்கப் படை ஜெய்ஸ் நிபுணர்களைக் கையோடு மேற்கே கூட்டிச் சென்றது. அவர்கள் மேற்கு ஜெர்மனியின் ஓபர்கோகனில் தனி ஜெய்ஸ் தொடங்கினார்கள். பெயர் யாருக்கு என்று இரு தரப்பும் வழக்காடியதில், மேற்கு நாடுகள் பலவற்றில் கிழக்கு ஜெர்மனியின் சரக்கு அந்தப் பெயரோடு போக முடியவில்லை. எனவே வெறுமனே 'யேனாவிலிருந்து' என்று ஜெர்மனில் பொறித்தார்கள்; சோனார் என்ற லென்ஸ் பெயரும் 'எஸ்' என்று சுருங்கியது. உங்கள் லென்ஸின் முனையில் இழுத்தால் வெளியே வரும் ஹூட் ஒன்று இருக்கும். எதிர்வெயிலில் எடுக்கும்போது அதை இழுத்துவிட மறக்காதீர்கள்.