கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் காற்று

நம்பிக்கை: அருங்காட்சியகப் பொருள்களைக் கெடுப்பது வெளியிலிருந்து வரும் புகைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் கவலையில்லை.

இதில் பாதிதான் உண்மை. லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்கள் புகையிலும் கூட்டத்திலும் அழுக்கேறுவதை 1850இல் ஆராய்ந்த குழுவில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் இருந்தார். ஓவியங்களுக்குக் கண்ணாடி போடச் சொன்னது அந்தக் குழு. நிலக்கரிப் புகை சூழ்ந்த ஊருக்கு அது நல்ல யோசனையே. ஆனால், பெட்டியே அமில ஆவியைக் கக்கினால் என்ன ஆகும்? வெளிக்காற்றை உள்ளே விடாத பெட்டி, உள்ளே பிறக்கும் ஆவியையும் வெளியே விடாது. அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

நம்பிக்கை: நன்றாக உலர்ந்த கெட்டி மரத்தில் செய்த அலமாரிதான் பாதுகாப்பு.

பல சேகரிப்புகளைப் பாழாக்கிய நம்பிக்கை இது. ஓக் மர இழுப்பறைகளில் பத்திரமாக அடுக்கிவைத்த கிளிஞ்சல்களும் சிப்பிகளும் பளபளப்பு இழந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தன. 1899இல் இதைப் பற்றி எழுதிய லாஃப்டஸ் பைன், பாக்டீரியாவின் வேலை என்று நினைத்தார். அவர் பெயராலேயே அது ‘பைன் நோய்’ ஆயிற்று. உண்மையில் அது நோயும் அல்ல, தொற்றும் அல்ல. ஓக் மரம் அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, ஆவியாக விடுகிறது. கூடவே ஃபார்மிக் அமிலத்தையும். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். ஈரப்பதம் இருக்கும் காற்றில் இந்த அமிலங்கள் அதை அரித்து உப்பாக மாற்றிவிடுகின்றன. பறவை முட்டை ஓடுகளுக்கும் இதே கதிதான். ஈயத்தில் செய்த பதக்கங்களும் முத்திரைகளும் வெள்ளைப் பொடியாகின்றன. மரம் எத்தனை ஆண்டு உலர்ந்தாலும் ஆவி முற்றிலும் நின்றுவிடுவதில்லை. பிளைவுட்டும் விதிவிலக்கல்ல, அதன் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரலாம்.

நம்பிக்கை: வெள்ளி கறுப்பது வயதால்.

இல்லை, கந்தகத்தால். காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு மிக மிகச் சிறிய அளவில் இருந்தாலே போதும். அழகுக்காகப் பெட்டிக்குள் விரிக்கும் கம்பளித் துணியும், ரப்பரும் அதைத் தரக்கூடியவை.

பெட்டி செய்யவோ அதற்குள் விரிக்கவோ ஒரு பொருள் தகுந்ததா என்று அறிய, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டார். சந்தேகத்துக்குரிய பொருளின் துண்டோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளையும் சிறிது நீரையும் கண்ணாடிக் குழாயில் வைத்து மூடி, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் விடுவார்கள். தகடு அரிக்கப்பட்டால் அந்தப் பொருளுக்குக் காட்சிப்பெட்டியில் இடமில்லை. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை இன்றும் பல நாடுகளில் நடக்கிறது.

புதிதாகக் காட்சிப்பெட்டி செய்யும் சிறிய அருங்காட்சியகங்களும், வீட்டில் நாணயமும் சிப்பியும் சேர்ப்பவர்களும் மரத்துக்குப் பதில் கண்ணாடியையும் பவுடர் கோட்டிங் செய்த உலோகத்தையும் தேர்ந்தெடுப்பது நல்லது. புதுப் பெயிண்ட் அடித்த பெட்டியைச் சில வாரங்கள் திறந்துவைத்து, வாடை முற்றிலும் போன பிறகே பொருளை உள்ளே வையுங்கள். வெள்ளிப் பொருளைச் சுற்றி ரப்பர் பேண்ட் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.