வீட்டுக் கணினியும் நினைவகமும்: விரைவா, கொள்ளளவா?

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாண வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் அலுவிகாரையைக் காண்பர். அதுவரை வாய்மொழியாய் ஓதிக் காக்கப்பட்ட பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டிலேறியது அங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோரைக் கொண்டுபோயின், ஓதப்பட்டதும் உடன் அழியும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினி பூட்ட முனையும் மாணாக்கர், நினைவகத்தைப் பற்றி வினவும்போதெல்லாம் நாம் அவ்விடத்தையே சுட்டுவோம். 'றாம்' எனப்படும் நினைவகம் ஓதுவோர் நெஞ்சம் போன்றது. டிடிஆர் 4 வகையில் ஒவ்வொரு நுண்கலமும் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படாவிடின் தான் கொண்டதை மறக்கும். மின்சாரம் நின்றால் யாவும் போம். சேமிப்பு வட்டோ ஏடு போன்றது; மறவாது, ஆயின் தேடியெடுக்கக் காலம் பிடிக்கும். நெஞ்சில் இடம் போதாதபோது கணினி அடிக்கடி ஏட்டைப் புரட்டுகின்றது. அப்போது நினைவகத்தின் விரைவு எத்துணை இருந்தும் பயனில்லை. ஆதலின் முதலில் நோக்கற்பாலது கொள்ளளவே.

நாமே இதில் இடறியதுண்டு. சீட்டுப் பணத்துடன் கடைக்குச் சென்று, வண்ண விளக்கு மின்னும், 3600 எனப் பொறித்த 8 கிகாபைற்றுத் துண்டு ஒன்றை வாங்கினோம். இன்னுஞ் சிறிது சேர்த்திருப்பின் விளக்கில்லாத 3200 துண்டுகள் இரண்டு கிடைத்திருக்கும். தனி வரைபட அட்டை இன்மையால் திரைக்குரிய பங்கும் அந்த எட்டிலிருந்தே சென்றது. இணையவழி வகுப்பும் வினாத்தாளும் ஒருங்கே திறந்தால் பொறி திணறிற்று. விலை கொடுத்துப் பெற்ற 3600 தானும், தாய்ப்பலகையின் அமைப்புப் பக்கத்தில் 'எக்ஸ்எம்பி' என்பதை நாம் இயக்காமையால், ஓராண்டாக 2666 ஆகவே ஓடிற்று!

விரைவைக் கணிக்க இரண்டு எண்கள் வேண்டும். 3200 துண்டொன்று செக்கனுக்கு 25.6 கிகாபைற்று கடத்தவல்லது. இரண்டை இரு வழிகளிற் பூட்டின் 51.2 ஆகும். மற்றையது 'சிஎல்' என்னும் காத்திருப்பு எண். அதனை 2000 ஆற் பெருக்கி விரைவு எண்ணால் வகுத்தால் நனோசெக்கன் கிடைக்கும். 3200, சிஎல் 16 எனின் 10; டிடிஆர் 5 வகையில் 6000, சிஎல் 40 எனின் 13.3. பெரிய எண் எப்போதும் முந்தி விடையளிப்பதன்று.

பாடவேலைக்கும் சிறிது படத்தொகுப்புக்கும் இன்று 8 இரண்டாக 16 கிகாபைற்று தகும். வசதியுள்ளோர் 32 கொள்க. டிடிஆர் 4, டிடிஆர் 5 ஆகியவற்றின் வெட்டுப்பள்ளம் வேறுபடுதலின், தாய்ப்பலகை எதனை ஏற்குமென முன்னரே அறிதல் வேண்டும். நான்கு பொருத்துவாய்கள் உள்ள பலகைகளிற் பெரும்பாலும், செயலியிலிருந்து எண்ண, இரண்டாவதிலும் நான்காவதிலுமே இரு துண்டுகளையும் பூட்டுதல் முறை. எமது இரண்டாம் துண்டைப் பக்கத்துப் பொருத்துவாயிற் செருகிவிட்டு, விரைவு கூடவில்லையே என ஒரு மாலை முழுதும் தேடினோம்.