பனிக்காலத்தில் வயற்குருவிகளை வேறுபடுத்தி அறியும் விதம்

மார்கழி மாதத்தில் சம்பா நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும், சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக வயல்களில் வந்திறங்குகின்றன. அவற்றையெல்லாம் குருவி என்னும் ஒரே பெயரால் அழைத்து, கவண்கல்லாலும் தகர ஓசையாலும் ஒருங்கே விரட்டுவது குடியானவர்களின் வழக்கம். ஆனால் பால்மணியை நசுக்கி உண்பவையும், புழு பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பவையும் ஒரே வயலில் காணப்படும். இவற்றை இனம் பிரித்தறியாமல் செய்யும் காவலில் வீண் சிரமமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

பனிக்காலத்தில் நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஆண் தூக்கணாங்குருவி கூடு கட்டும் பருவத்தில் மஞ்சள் உச்சந்தலையும் கரிய முகமும் உடையது. பருவம் முடிந்ததும் அவ்விறகுகள் உதிர்ந்து, பெட்டையைப் போலவே பழுப்பு நிறமடைகிறது. ஊர்ச் சிட்டுக்குருவியில் ஆணின் தொண்டைக் கறுப்பும் புதிய இறகுகளின் சாம்பல் நுனிகளால் ஓரளவு மறைந்திருக்கும். ஆகையால் அலகு, மார்பு, நடை ஆகிய மூன்றையும் வரிசையாகக் கவனிக்க வேண்டும்.

1. அலகு: சிட்டுக்குருவிப் பெட்டையும் தூக்கணாங்குருவியும் ஏறக்குறைய 6 அங்குல நீளமுள்ளவை, தூரத்தில் ஒன்றுபோலவே தோன்றும். தூக்கணாங்குருவியின் அலகு பருத்துக் கூம்பு வடிவாயிருக்கும், வால் குட்டை. சிட்டுக்குருவிக்கு அலகு சிறிது. வால் சற்று நீளம். சில்லை இவ்விரண்டினும் சிறியது. 4 அங்குலத்துக்குச் சிறிது மேற்பட்டது. ஆயினும் அலகு தடித்தது. வயல்களில் திரியும் நெட்டைக்காலி உருவத்தில் சிட்டுக்குருவியை ஒத்ததாயினும் அதன் அலகு மெல்லியது. அது பூச்சி பிடிப்பதற்கேற்றதேயன்றி நெல்லை உடைப்பதற்கேற்றதன்று.

2. மார்பு: சிட்டுக்குருவியின் மார்பில் கீற்றுகள் இல்லை. சாதாரணத் தூக்கணாங்குருவியின் மார்பிலும் அவை தெளிவாக இரா. கோரையும் நாணலும் மண்டிய நீர்நிலைகளில் வாழும் மற்றொரு ஜாதித் தூக்கணாங்குருவிக்கு மார்பில் கருங்கீற்றுகள் நன்கு தெரியும். புள்ளிச் சில்லையின் மார்பில் மீன் செதில் போன்ற கோலம் உண்டு. அதன் இளம் பறவைக்கு அஃது இராது. நெட்டைக்காலியின் மார்பிலும் கீற்றுகள் உள. ஆகவே கீற்றைக் கண்ட மாத்திரத்தில் தூக்கணாங்குருவியென்று தீர்மானியாமல் அலகையும் பார்த்தல் அவசியம்.

3. நடை: சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, சில்லை மூன்றும் தரையில் தத்திச் செல்லும், கதிரிலும் தொற்றிக்கொள்ளும். நெட்டைக்காலி வரப்பிலும் அரிதாள் வயலிலும் கால்மாற்றி ஓடும். நின்று வாலை ஆட்டும். பறந்தெழுகையில் வாலின் இரு ஓரங்களும் வெண்மையாகத் தெரியும். அதனை விரட்ட வேண்டுவதில்லை.

புன்செய்ப் பகுதிகளிலும் தோப்புகளிலும் காணப்படும் மஞ்சள் தொண்டைச் சிட்டு வேறொரு ஜாதி. அதன் முதுகில் கோடுகள் இல்லை. ஆணின் தொண்டையில் சிறு மஞ்சள் திட்டும் தோளில் செம்பழுப்பும் உண்டு. சலீம் அலி சிறுவராயிருந்தபோது தாம் சுட்ட குருவியின் மஞ்சள் திட்டைக் கண்டு ஐயுற்று, அதனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குக் கொண்டுசென்றார். அங்கு டபிள்யூ. எஸ். மில்லார்ட் அதன் இனத்தை விளக்கினார். அச்சிறு ஐயமே அவரைப் பறவை ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது.

தானியம் தின்னும் பறவையையும் முற்றிலும் பகையெனக் கருதுதல் தவறு. சிட்டுக்குருவி தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. 1958-ஆம் ஆண்டில் சீன தேசத்தில் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் அடியோடு ஒழிக்க முற்பட்டனர். குருவிகள் மடிந்தபின் பயிர்ப்பூச்சிகள் பெருகின. 1960-ஆம் ஆண்டில் சிட்டுக்குருவியை அப்பட்டியலினின்று நீக்கி, அதனிடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்க்க நேர்ந்தது.

ஆதலால் பால் பிடித்த நாள் முதல் மணி முற்றும் வரையில் மட்டும் காவலைப் பலப்படுத்துதல் போதும். பறவைகள் மிகுதியாக மேயும் காலையிலும் மாலையிலும் ஆள் நிறுத்தி, பளபளப்பான நாடாக்களைக் கதிருக்குச் சற்று மேலாகக் கட்டி, கதிரில் அமரும் கூட்டத்தை எழுப்பிவிடலாம். கண்ணி வைப்பதும் விஷம் கலந்த தானியம் இறைப்பதும் தகாதவை. நெட்டைக்காலி போன்ற நல்ல பறவையும் கண்ணியில் சிக்கும். விஷத் தானியத்தால் கோழிகளும் மடியும். அன்றியும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதனை அறுவடைக்கு முன்னரே குடிகளுக்கு அறிவித்தல் நலம். காவற்பரணில் அமர்த்தப்படும் சிறுவருக்குக் கவணைக் கொடுக்குமுன் அலகு, மார்பு, நடை என்னும் மூன்று அடையாளங்களையும் ஒருநாட் காலையில் வரப்பிலே நின்று காட்டிக் கொடுத்தால், அவ்வறிவு அவர்கள் ஆயுள் முழுவதும் உதவும்.