ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் ஒண்ணா?

ஒரு படி அரிசியையும் ஒரு படி பொரியையும் தூக்கிப் பார்ப்போம். படி ஒன்றுதான். ஆனால் அரிசி கையை இழுக்கும், பொரி காற்று மாதிரி இருக்கும். ஒரே அளவு இடத்துக்குள் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதைத்தான் 'அடர்த்தி' என்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடம்னு தள்ளிவிட வேண்டாம். நம்ம குழுவின் கல்லாப்பெட்டியோடு சேர்ந்த விஷயம் இது.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதனால் எதுவாக இருந்தாலும் லிட்டரும் கிலோவும் ஒன்று என்று நம்மில் பலர் நினைத்துக் கொள்கிறோம். எண்ணெய் அப்படி இல்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். தண்ணீரைவிட அடர்த்தி குறைவு, அதனால்தான் ரசத்தில் தாளித்த எண்ணெய் மேலே மிதக்கிறது. தேன் இதற்கு நேர் எதிர். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம்.

இப்போது கணக்குக்கு வருவோம். குழுவில் மொத்தமாக எண்ணெய் டின் வாங்கிப் பிரித்து விற்கிறோம். டின்னில் 15 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அதை 15 கிலோ என்று நினைத்து விலை போட்டால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது 13 கிலோ 650 கிராம்தான். கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு டின்னுக்கு 270 ரூபாய் நம் கையைவிட்டுப் போகும். அதுவே 15 கிலோ டின் என்றால் பதினாறரை லிட்டர் கிடைக்கும். ஆகவே டின்னில் இருப்பது லிட்டரா, கிலோவா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். எதில் வாங்குகிறோமோ அதிலேயே விற்பது நல்லது.

மாட்டுக்கடன் வாங்கிய அக்காமார்களுக்கு இன்னொன்று. சங்கத்தில் பால்மானியைப் பாலில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறார்களே, அதுவும் அடர்த்திதான். நல்ல பால் ஒரு லிட்டர் சுமார் 1 கிலோ 30 கிராம் இருக்கும். தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறைந்து பால்மானி இன்னும் ஆழமாக அமிழும். ஆனால் கறந்த சூட்டோடு பார்த்தாலும் டிகிரி குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் சூட்டில் பால் விரிகிறது. தண்ணீர் கலக்காதவர் மேல் பழி விழுவது இப்படித்தான். "பால் சூடா இருக்கு, சூட்டுக்கு உண்டானதைச் சேர்த்துப் பாருங்க" என்று தயங்காமல் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. இன்னொரு வேடிக்கை, ஆடை எடுத்த பாலில் டிகிரி கூடும். கொழுப்பு லேசானது, அது போனால் மிச்சம் கனக்கிறது. ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிகிரி சரியாகக் காட்டிவிடும் என்பதால்தான் கொழுப்பையும் தனியாகச் சோதிக்கிறார்கள்.

நெல் விதைக்கும் இதே வழிதான். தண்ணீரில் ஒரு நல்ல கோழிமுட்டையைப் போட்டால் அடியில் கிடக்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் தண்ணீரின் அடர்த்தி கூடி முட்டை மேலே வரும். பழைய நாலணாக் காசு அளவுக்கு முட்டை வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்திவிட்டு, விதையைக் கொட்டலாம். மிதப்பது பதரும் அரைவிளைச்சலும், அதை அள்ளி ஒதுக்கிவிட வேண்டும். அடியில் தங்கிய விதையை மட்டும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி எடுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுவிடும்.