பெயரே சான்று

மயிலாப்பூரில் முற்காலத்தில் நேமிநாதர் ஆலயம் ஒன்று இருந்தது. இன்று அது இல்லை. திருவுருவம் மேல்சித்தாமூருக்குச் சென்றதென்பர். ஆயினும் 'நேமிநாதம்' என்னும் இலக்கண நூலின் பெயரும், நன்னூல் உரையாசிரியர் மயிலைநாதரின் பெயரும் அவ்வாலயத்திற்கு இன்றளவும் சான்று பகர்கின்றன.

குடும்ப வரலாற்றிற்கும் இதுவே நெறி. தமிழ்ச் சமணர் பெயரில் ஊரும் தந்தை பெயரும் தலைப்பெழுத்துகளாய் முன்னிற்க, நயினார், செட்டியார், முதலியார் போன்ற பட்டம் பின்னிற்பது மரபு. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவ்வாறு அறியப்பட்டவரே. நயினார் என்பது இந்நகரில் அரிதாகவே செவியில் விழும் பட்டம். எனினும் அது மட்டும் போதிய சான்றன்று. தமிழ் முஸ்லிம்களிடையேயும் பிறரிடையேயும் அப்பெயர் உண்டு. ஊரெழுத்தே குடும்பத்தை வேறுபடுத்திக் காட்டும்.

நகரில் குடியேறியபின் அவ்வூரெழுத்தை விடுத்து, 'ஜெயின்' என்று மட்டும் எழுதுவோர் உளர். அச்சொல் தியாகராய நகரில் வாழும் இராஜஸ்தான், குஜராத் மரபினரோடு நம்மைச் சமயத்தால் இணைக்கும். பாட்டனார் ஊரை உணர்த்தாது.

ஆதலின் அன்பர்கள் பழைய நிலப்பத்திரம், திருமண அழைப்பிதழ், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றிலுள்ள தலைப்பெழுத்துகளை, முதியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு விரித்தெழுதி வைப்பார்களாக. விரிவறிந்தவர் மறைந்தபின் எழுத்து எஞ்சும், ஊர் எஞ்சாது.